ஆறு வோல்ட்டில் அக்கரைக்கு ஒரு குரல்

தேவாரத்தில் மைக் செட் வைத்திருக்கும் முருகேசன் போன மாதம் போன் செய்தார்.

“அண்ணே, மோட்டார் சைக்கிள் பேட்டரில சின்ன ஸ்பீக்கர் ரெண்டு ஓட்டலாமா? மலங்காட்டுக்குள்ள ஒரு சாமி கும்பிடு. கரண்டு கெடையாது. ஜெனரேட்டரத் தூக்கிட்டுப் போகப் பாதையும் இல்ல” என்றார்.

தாராளமாக ஓட்டலாம் என்றேன். பியூஸ் எங்கே போடவேண்டும், வண்டியை ஓடவிட்டபடி ஏன் இணைக்கக்கூடாது, பேட்டரியைச் சாய்க்காமல் எப்படிச் சுமக்கவேண்டும் என்று கால் மணி நேரம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டவர், “நீங்க பண்ணிப் பாத்துச் சொல்றீகளா, இல்ல சும்மா ஒரு இதுல சொல்றீகளா?” என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பண்ணிப் பார்த்த கதையை எழுதித் தருகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். அதுதான் இது.

நான் போடியில் ஒன்றிய அலுவலக ரேடியோ மெக்கானிக்காக இருந்தவன். மதுரையில் ஒரு வருடம் ரேடியோ வேலை படித்தேன். வால்வு ரேடியோவை நன்றாகக் கற்று முடித்தபோது உலகம் டிரான்சிஸ்டருக்கு மாறியிருந்தது. மறுபடியும் முதலிலிருந்து கற்றேன். எழுபதுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

அப்போது ஊருக்கு ஒரு பொது ரேடியோ உண்டு. மாலையில் உழவர் நிகழ்ச்சி, செய்தி, வானிலை எல்லாம் அதில்தான். கீழே ராசிங்காபுரம் போன்ற ஊர்களில் மின்சாரம் வந்துவிட்டது. குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊர் முழுக்கக் கேட்க வைத்தோம். மலையில் அது நடக்காது. குரங்கணிக்கு மேலே இருந்த குடியிருப்புகளில் டார்ச் லைட் செல் போட்ட சிறிய ரேடியோதான். அதைச் சுற்றி எட்டுப் பேர் உட்காரலாம். ஒன்பதாவது ஆளுக்குக் கேட்காது. நாளை மழையா என்பது ஏலக்காய் காயவைக்கிறவனுக்குப் பெரிய விஷயம். எட்டுப் பேர் கேட்டதைப் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லிக்கொண்டு திரிவார்கள்.

அலுவலகத்தில் எனக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் குரங்கணியில் அதை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோது, சீட்டுக்கு அடியில் இருந்த பேட்டரி கண்ணில் பட்டது. ஆறு வோல்ட்டு. ஒரு சின்ன ஆம்ப்ளிபயருக்கு ஆறு வோல்ட்டு போதுமே என்று தோன்றியது. அன்றைக்கே ஆரம்பித்தேன். பழுதான செட்டுகளில் இருந்து டிரான்சிஸ்டர்களையும் டிரான்ஸ்பார்மர்களையும் கழற்றி, பள்ளிக்கூடப் பை அளவு ஒரு மரப்பெட்டிக்குள் அடைத்தேன். வெளியே ஒரு சின்னக் குழாய். இரண்டு வாட்டு கூட வராது. ஆனால் குழாய் என்பது ஒரு தந்திரம். சாதாரண ஸ்பீக்கர் சத்தத்தை நாலு பக்கமும் சிந்தும். குழாய் சிந்தாமல் ஒரே பக்கம் அனுப்பும்.

முதல் சோதனையை ராசிங்காபுரத்தில் ஒரு கூட்டத்தில் வைத்தேன். மின்சாரம் அன்று போய்விட்டது. “இதோ நான் இருக்கிறேன்” என்று பெட்டியோடு மேடையேறினேன். கறுப்பு வயரை மைனஸ் என்று நம்பி மாட்டினேன். எங்கள் வண்டி பழைய மாதிரி. அதில் பிளஸ்தான் வண்டியின் உடம்போடு இணைந்திருக்கும். தலைகீழாக மின்சாரம் பாய்ந்து பெட்டியில் இருந்து வெண்புகை வந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர், “ஏப்பா, சாம்பிராணி போடுதா உம்பெட்டி?” என்று கேட்டார். கூட்டம் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

மறுநாள் தயாளன் சார் முன்னால் நின்றேன்.

அவர் எனக்கு மேலதிகாரி. கும்பகோணம் பக்கத்துக்காரர், என்னைவிட ஆறு வயது இளையவர். ஒலிபெருக்கிகளுக்குப் பொறுப்பான அதிகாரி, ஆனால் அவர் பேசுவது எதிரில் இருப்பவனுக்கே அரைகுறையாகத்தான் கேட்கும். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். அலுவலகத்தில் அவர் கோபத்தைக் காதால் அளப்போம். எவ்வளவு முன்னால் குனிய வேண்டியிருக்கிறதோ அவ்வளவு கோபம்.

அன்று நான் மேஜை மேல் ஏறக்குறைய படுத்துவிட்டேன்.

“சுந்தரம், ஆபீஸ் வண்டி பேட்டரியக் கழட்டினீங்க. சரி. அந்தப் பெட்டி எவ்வளவு கரண்டு இழுக்குது?”

“கொஞ்சந்தான் சார் இழுக்கும்.”

“அளந்தீங்களா?”

அளக்கவில்லை. ஏச்சு விழும், மெமோ வரும் என்று நின்றேன். அவர் எழுந்து அலமாரியைத் திறந்து மீட்டரை எடுத்தார். “வாங்க, அளப்போம்” என்றார்.

கருகிய டிரான்சிஸ்டரை நான் மாற்றினேன். பின்கட்டு அறையில் ஒரு நாள் முழுக்க இருவரும் உட்கார்ந்தோம். ரேடியோ நிகழ்ச்சியைப் பெட்டியின் வழியே ஓடவிட்டு, கால் மணிக்கு ஒரு முறை வோல்ட்டைக் குறித்துக்கொண்டார். முழு சார்ஜில் ஆறுக்குக் கொஞ்சம் மேலே. ஐந்தரை வரை பேச்சு தெளிவு. அதற்குக் கீழே கரகரப்பு. “இதுக்குக் கீழ போச்சுன்னா இது தகர டப்பா. பேசினா சத்தம் வரும், வார்த்தை வராது. நமக்குச் சத்தம் வேண்டாம் சுந்தரம், வார்த்தை வேணும்” என்றார்.

அதன்பிறகு அவர் வகுத்த முறை ஒன்று உண்டு. பேட்டரியின் தலையை ஈரத்துணியால் துடைக்கவேண்டும். ஆசிட் கசிவு இருந்தால் சோடா உப்புக் கரைசல். மூன்று அறைகளையும் திறந்து, கண்ணாடிக் குழாய் விட்டு ஆசிட்டின் அடர்த்தி பார்க்கவேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் அதற்காகத் தேயும். இணைப்புக்கு ஒரு கால் தடித்தும் ஒரு கால் மெலிந்தும் உள்ள பிளக்கு. தலைகீழாக மாட்ட முயன்றால் நுழையாது. கடைசியாக மைக். அதில் யாரும் ஊதக்கூடாது. ஊதுகிறவரைக் கண்டால் சார் முகம் சுருங்கிவிடும். “அது அடுப்பு இல்ல” என்பார்.

இப்படித்தான் மலையேறியது எங்கள் பெட்டி. குரங்கணியில் முதல் மாலை வானிலை அறிக்கையை ஒலிபரப்பியபோது மேலே ஏலக்காட்டில் இருந்து ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்தார்கள். ஒருவர் கைகொட்டினார். வானிலை அறிக்கைக்கு யாராவது கைதட்டி நான் கேட்டது அன்று ஒருமுறைதான்.

இனி அந்த ஐப்பசி மாதத்துக்கு வருகிறேன்.

எழுபதுகளின் கடைசிப் பகுதி. மூன்று நாளாக மழை விடவில்லை. குரங்கணி ரேடியோவில் பழுது என்று தகவல் வந்து, நானும் தயாளன் சாரும் மோட்டார் சைக்கிளில் போனோம். பெட்டியையும் குழாயையும் கட்டி எடுத்துக்கொண்டோம். ரேடியோவைச் சரிசெய்து, காலை முழுக்க மழை எச்சரிக்கையை ஊருக்குக் கேட்கவைத்தோம். பேட்டரியில் பாதிக்குமேல் தீர்ந்திருக்கும். மூன்று அறைகளில் ஒன்று ஏற்கெனவே நோஞ்சான். திரும்பும்போது வண்டி ஓடினால் சார்ஜ் ஏறிவிடும் என்று இருந்தோம்.

அப்போது சேறு பூசிய காலோடு ஓடிவந்தார் வர்க்கீஸ். மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர், தொடுபுழைப் பக்கத்து மலையாளி.

“சாரே, பாலம் போயி! ஓடைக்கு அக்கரை இருபத்தேழு பேரு நிக்குது. வெள்ளம் ஏறுது. இவிட நின்னு கூப்பிட்டா கேக்கணில்ல. எந்து செய்யும் சாரே?”

காய் எடுக்கக் காலையில் மரப்பாலத்தைக் கடந்து போனவர்கள். ராசிங்காபுரத்தில் இருந்து வந்த ஆட்கள், தோட்டத்துக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. கயிறு கட்டி இறங்கிவிடலாம் என்று அவர்கள் துணிகிறமாதிரி தெரிகிறதாம்.

நான் சாரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே குழாயைத் தோளில் வைத்திருந்தார்.

பேட்டரியைக் கழற்றி, ஏலக்காய்ச் சாக்கில் தொட்டில் மாதிரி கட்டி மார்பில் தொங்கவிட்டுக்கொண்டேன். சாய்ந்தால் ஆசிட் கொட்டும். பெட்டியை வர்க்கீஸ் பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டார். அரை மணி நேர ஏற்றம். இரண்டு இடத்தில் வழுக்கினேன். இரண்டு தடவையும் முட்டியைக் கொடுத்து பேட்டரியை நிமிர்த்திப் பிடித்தேன். போய்ச் சேர்ந்தபோது சட்டையின் முன்பக்கம் சல்லடையாகியிருந்தது. வயிற்றில் எரிச்சல். மழைத்தண்ணீரே அதைக் கழுவிவிட்டது.

ஓடை என்று சொல்வது வாய்ப்பழக்கம். அன்று அது ஆறு. பழுப்பு நிறத்தில் பாறைகளை உருட்டிக்கொண்டு போனது. பக்கத்தில் நிற்பவன் காதில் வாய்வைத்துப் பேசினால்தான் கேட்கும். அக்கரையில் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டபடி அவர்கள் நின்றார்கள். முகம் தெரிகிற தூரம்தான்.

இக்கரையில் பேச்சியம்மா நின்றுகொண்டிருந்தார். அந்த ஆட்களை ஊரில் இருந்து கூட்டிவந்தவர் அவர்தான். ஐம்பது வயது இருக்கும். காய்ச்சல் என்று அன்று வேலைக்குப் போகவில்லை. அவருடைய மருமகள் செல்லத்தாயி அக்கரையில். கத்திக் கத்திப் பேச்சியம்மாவின் தொண்டை கட்டியிருந்தது.

“மேல ஒரு பழைய ஸ்டோர் கெடக்குய்யா” என்று என் காதருகே சொன்னார். ஏலக்காய் காயவைக்கிற கட்டடம், கைவிட்டு வருடங்களாகிவிட்டன. “கல்லுக்கட்டடம். கூரையும் இருக்கு. கோவேறு கழுதைத் தடம் ஒண்ணு போகுது. அவுகளுக்கு அது தெரியாது. நான் சொன்னாப் போயிருவாக. சொல்ல முடியலயேய்யா.”

அதற்குள் ஒரு விபரீதம். தோட்டத்து ஆட்கள் சிலர், பின்னால் போங்கள் என்று கையை வீசிக் காட்டினார்கள். இந்தப் பக்கம் நின்று கையை அப்படி வீசினால் அக்கரைக்காரனுக்கு அது ‘வா வா’ என்றுதான் தெரியும். வீரணன் என்கிற ஆள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு முழங்கால் வரை தண்ணீரில் இறங்கினான். நம்மாட்கள் பதறி இன்னும் வேகமாகக் கையை வீச, அவன் இன்னொரு அடி வைத்தான்.

“கையக் காட்டாதீங்க! யாரும் கையக் காட்டாதீங்க!” தயாளன் சார் கத்தி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

நான் பிளக்கைச் சொருகினேன். வர்க்கீஸ் மைக்கைப் பிடுங்கி அலறினார். குழாயில் இருந்து ‘ஓ ஓ’ என்று ஒரு முழக்கம் வந்தது. ஓடையின் சத்தமும் அதே ‘ஓ’தான். இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டது. அக்கரையில் தலைகள் திரும்பின. ஆனால் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

நான் அந்தப் பெட்டியைப் பெருமையோடு செய்தவன். குரல் கனமாக, கோயில் மணி மாதிரி வரவேண்டும் என்று பார்த்துப் பார்த்து அமைத்திருந்தேன். அந்தக் கனம்தான் இப்போது எதிரி என்பது சட்டென்று உறைத்தது. வெள்ளத்தின் இரைச்சல் முழுக்கக் கனத்த சத்தம். அதோடு மல்லுக்கட்ட ஆறு வோல்ட்டால் முடியாது. அதற்கு மேலே ஏறிப் போகவேண்டும். கீச்சென்று, ஊசி மாதிரி.

“சார், கனத்த வெட்டிரப் போறேன்” என்றேன்.

“எப்படி?”

“உள்ள ஒரு கண்டென்சர மாத்தணும். பெருசை எடுத்துட்டு அதுல நூத்துல ஒரு பங்கு இருக்கிற சின்னத மாட்டினா அடிக்குரல் நின்னுரும். மேல்குரல் மட்டும் போகும். இருக்கிற தெம்பெல்லாம் அதுக்கே கெடைக்கும்.”

“அளந்தீங்களா?” என்ற வழக்கமான கேள்வியை அவர் கேட்கவில்லை. குடையை விரித்துப் பெட்டிக்கு மேல் பிடித்தார். தான் முழுக்க நனைந்தார்.

மூடியைத் திறந்தேன். ஈயம் வைத்துப் பற்றவைக்க நெருப்பு இல்லை. வெட்டுக்குறட்டால் பழைய கண்டென்சரின் கால்களைக் கத்தரித்தேன். உதிரிப்பாகம் வைத்திருந்த டப்பாவில் இருந்து கடலைப்பருப்பு அளவு ஒன்றை எடுத்து, கால்களை விரலால் முறுக்கினேன். விரல் விறைத்துப்போய் முதல் முறுக்கு நழுவியது. நிமிர்ந்து பார்த்தால் வீரணனுக்கு இடுப்பில் தண்ணீர். இரண்டாவது முறுக்கு நின்றது.

“பேச்சியம்மா, நீங்க பேசுங்க” என்றேன். பெண்குரல் மெலிந்தது, அதுதான் இந்தப் பெட்டிக்கு இப்போது வேண்டும். அதோடு அவர்கள் அறிந்த குரல்.

அவர் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார். கரகரவென்று வந்தது. தயாளன் சார் அவர் பக்கத்தில் குனிந்தார். தன் வழக்கமான குரலில், காதோடு சொன்னார்.

“அம்மா, கத்தாதீங்க. கத்தினா மைக் திணறும். உங்க மருமக பக்கத்துல உட்கார்ந்து வெங்காயம் உரிச்சிட்டு இருக்கா. அவகிட்ட சொல்ற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையா நிறுத்திச் சொல்லுங்க. முதல்ல, கேட்டுச்சுன்னா எல்லாரையும் உட்காரச் சொல்லுங்க. வேற எந்தச் சாடையும் வேண்டாம்.”

பேச்சியம்மா ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

“வீரணா. தண்ணிய விட்டு. மேல ஏறு.” குழாயில் இருந்து வந்தது குரல் மாதிரியே இல்லை, சில்லு வண்டு பேசுகிற மாதிரி இருந்தது. “நான் பேச்சியம்மா. சொல்றது கேட்டுச்சுன்னா. எல்லாரும். உக்காருங்க.”

வீரணன் அசையாமல் நின்றான். பிறகு திரும்பினான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையேறினான். அவன் கரையேறிய இடத்தில், சேற்றிலேயே உட்கார்ந்தான். அவனைத் தொட்டு நின்ற பெண் உட்கார்ந்தாள். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக, பிளாஸ்டிக் தாள்கள் எல்லாம் தரையோடு தாழ்ந்தன. இருபத்தேழு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

இக்கரையில் நாங்கள் போட்ட கூச்சல் வெள்ளத்தையே அமுக்கியது. வர்க்கீஸ் என்னைத் தூக்கிவிட்டார். முப்பது வருடத்துக்கும் மேல் வேலை பார்த்திருக்கிறேன். நான் செய்த பொருள் வேலைசெய்வதை அதுபோல் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை.

“மூடுங்க” என்றார் சார். பேசாத நேரத்தில் சுவிட்சை அணைத்துவிடவேண்டும். அவர் தோள்பையில் கொண்டுவந்திருந்த மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தே முக்கால் வோல்ட்டு.

இனி வழி சொல்லவேண்டும். தடம் எங்கே பிரிகிறது என்று பேச்சியம்மா எங்களிடம் சொல்ல, சார் அதை முடிந்தவரை சின்னதாக்கினார். நான் சுவிட்சைப் போடுவேன், பேச்சியம்மா சொல்வார், நான் அணைப்பேன். அவர்கள் நடப்பார்கள். நின்றால், அடுத்த வார்த்தைக்குக் காத்திருக்கிறார்கள் என்று பொருள்.

“தண்ணிக்கு முதுகக் காட்டி. நேரா ஏறுங்க.” அணை.

“பெரிய பலா மரம். அங்க நில்லுங்க.” அணை.

ஐந்தரை. பலாமரத்தடியில் கூட்டம் நின்றது. அங்கிருந்துதான் தடம் இரண்டாகப் பிரியும். ஒன்று ஸ்டோருக்கு. மற்றது சரிவைச் சுற்றி மறுபடி ஓடைக்கே இறங்கிவிடும். சுவிட்சைப் போட்டேன். பேச்சியம்மா வாயைத் திறந்ததும் கரகரப்பு. ஒரு எழுத்தும் புரியவில்லை. அக்கரையில் நாலைந்து பேர் காதுக்குப் பின்னால் கையை வைத்தார்கள்.

“மூடுங்க” என்றார் சார். “பேட்டரிக்கு ஓய்வு கொடுத்தா கொஞ்சம் எழும். எவ்வளவு நேரம்?”

“அஞ்சு நிமிசம் சார். எழுந்தாலும் ஒரு வரிக்குத்தான் தாங்கும்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம் மழையில் நின்றோம். அக்கரையில் அவர்கள் முதலில் நின்றிருந்த கரை பெயர்ந்து, ஒரு மாட்டுவண்டி அளவு மண் ஓடையில் விழுந்தது.

“வலது பக்கம்னு சொல்லச் சொல்லுவோம்” என்றார் சார்.

பேச்சியம்மா தலையை ஆட்டினார். “அதெல்லாம் தெகைச்சுப் போவாக சாமி. நான் சொல்லிக்கிறேன்.”

சுவிட்சைப் போட்டேன்.

“சோத்தாங்கைப் பக்கம். ஸ்டோரு. போ.”

அதோடு குழாய் அடங்கிவிட்டது. முள் நான்குக்குப் பக்கத்தில் போய்ப் படுத்தது. மலைச்சரிவில் ஒரு பெண் தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். சாப்பிடுகிற கையா என்று சரிபார்க்கிறாள். பிறகு அந்தப் பக்கமே திரும்பி நடந்தாள். மற்றவர்கள் அவள் பின்னால். ஏலச் செடிகளுக்குள் ஒவ்வொரு தாளாக மறைந்தது.

ஒரு மணி நேரம் கழித்து மேலே மரங்களுக்கு இடையில் புகை எழுந்தது. ஸ்டோரில் பழைய விறகு கிடந்திருக்கிறது. யாரிடமோ நனையாத தீப்பெட்டி இருந்திருக்கிறது. புகையைப் பார்த்ததும் பேச்சியம்மா அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

இதற்குப் பிறகு அலுவலகத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தயாளன் சார் இரண்டு பக்க அறிக்கை எழுதினார். அதில் தன்னைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. மலைக் குடியிருப்புகளுக்கு இதேமாதிரிப் பெட்டிகள் செய்துகொள்ள அனுமதி வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் மொத்தம் ஒன்பது செய்தேன். ஒவ்வொன்றிலும் வெளிப்பக்கம் ஒரு சுவிட்சு வைத்தேன். ஒரு பக்கம் ‘ஊர்’, மறுபக்கம் ‘ஆறு’ என்று பெயிண்டால் எழுதினேன். ஊர் என்றால் கனத்த குரல், ஆறு என்றால் கீச்சுக்குரல். மதுரையில் இருந்து பார்வையிட வந்த ஒரு பெரிய அதிகாரி, இது என்ன புது நிலை, எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டார். “அளந்து பார்த்தது சார்” என்றார் தயாளன் சார், மெல்ல. அதிகாரி குனிந்து, “என்ன?” என்றார். சார் மறுபடி அதே குரலில் சொன்னார். அதிகாரி கேட்டதுபோல் தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

அறிக்கையில் எழுதாதது ஒன்று உண்டு. அது மறுநாள் காலையில் நடந்தது.

மழை விட்டிருந்தது. தோட்டத்து ஆட்கள் விடியும்போதே முகடு வழியாகச் சுற்றிப் போய், இருபத்தேழு பேரையும் வேறு பாதையில் குரங்கணிக்கு இறக்கிக் கூட்டிவந்தார்கள். நாங்கள் ஜீப்பில் போடிக்குப் போய், சார்ஜ் ஏற்றிய வேறு பேட்டரியோடு திரும்பியிருந்தோம். டீக்கடை முன்னால் பெட்டியை வைத்துக் கண்டென்சரைச் சரியாகப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். கூட்டம் வளைவில் திரும்பி வருவது தெரிந்ததும் பேச்சியம்மா என்னிடம் வந்தார்.

“ரேடியோக்காரரே, அந்த மைக்க ஒரு நிமிசம் குடுங்க. ஆளு எண்ணிக்கிறேன்.”

கொடுத்தேன். அவர் ஊதவில்லை, கத்தவில்லை. வெங்காயம் உரிக்கிற இடத்தில் பேசுகிற குரல்தான்.

“ஒச்சம்மா.”

“இருக்கேன்க்கா!” வளைவில் இருந்து பதில் வந்தது.

“வீரணன்.”

“இருக்கேன் ஆத்தா.”

“மொக்கைச்சாமி. காமாட்சி. பெரிய காமாட்சி.” ஒவ்வொரு பெயரும் மலையில் பட்டுத் திரும்பியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கை உயர்ந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். ஜீப்பில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையை இறக்கி வைத்தார்கள். இருபத்தாறு பெயர். இருபத்தாறு பதில். மருமகள் பெயரை மட்டும் அவர் கடைசிக்கு வைத்திருந்தார். அதைச் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திவிட்டார். குழாயில் மூச்சு மட்டும் கேட்டது.

கூட்டத்தின் நடுவில் இருந்து செல்லத்தாயி தானாகவே குரல் கொடுத்தாள்.

“நானும் இருக்கேன் அத்தே. வெரசா ஒரு டீயச் சொல்லுங்க, குளுருது.”

முந்தின நாள் முழுக்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பேச்சியம்மா, கையில் மைக்கோடு நின்று அழுதார். அழுகை குழாய் வழியாக மலை முழுக்கப் போனது. பழக்கதோஷத்தில் என் கை சுவிட்சுக்குப் போயிற்று. தயாளன் சார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“இருக்கட்டும் சுந்தரம்” என்றார். “கேட்கட்டும்.”